சோபாவில் சொன்னது

என் கணவர் பூனாவின் லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவர் சிப்பாய்களுக்கு எடுத்துக் கொடுத்ததென்னவோ ஸ்டோர்ஸிலிருந்து கம்பளியும் பூட்ஸும்தான். ஆனால் நாட்டின் ரகசியமெல்லாம் தன் சட்டைப்பையில் இருப்பதுபோலவே இன்றும் நடமாடுவார். லேப்டாப் கேமராவை யாரோ எட்டிப் பார்க்கிறார்களாம், அதன்மேல் என் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியிருக்கிறார். என் நெற்றியில் பொட்டு இல்லாத நாள்கூட உண்டு, லேப்டாப்புக்குக் கிடையாது.

பெங்களூரிலிருக்கும் மகள், கேட்டதற்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்று அனுப்பினாள். ஒட்டுக்கேட்கும் என்று சொல்லி இவர் பெட்டியையே பிரிக்கவிடவில்லை. பிறகு ஒருநாள் தானே பரீட்சை வைத்தார். "இன்னிக்கு மழை வருமா?" என்று தமிழில் கேட்டார். புரியவில்லை என்று அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது. ஐயாவுக்கு நிம்மதி. பூனாவில் எங்களுக்குத் தமிழ்தானே பூட்டு? பக்கத்து வீட்டுக்காரி லிஃப்டில் நிற்கும்போதே அவள் புடவையைப் பற்றிப் பேசிக்கொள்கிறவர்கள் நாங்கள். ஸ்பீக்கரையும் அந்தக் கணக்கில் சேர்த்து ஹாலிலேயே வைத்துவிட்டோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, டாக்டரிடம் போகவே பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். ஹாலில் நான் உட்கார்ந்திருந்த சோபாவிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் மெதுவாப் பேசேன், கமெண்ட்ரி கேக்கல" என்றார். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, தன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மார்பகப் பரிசோதனைக்கு ஒரு விளம்பரம், அதுவும் தமிழில்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், இது ஒட்டுக்கேக்குதுன்னு! தமிழ் தெரியாத மாதிரி நடிச்சிருக்கு, திருட்டுப் பய!"

அந்தரங்கம், உரிமை, வழக்கு என்று ஒரு பிரசங்கமே நடந்தது. ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டார்.

"ஒட்டுக்கேக்கறதுதான் கேக்குது, ஒழுங்காவாவது கேக்குதா? நம்ம வீட்ல யாரு கட்டியப் பத்திப் பேசினாங்க?"

"நான்தான்."

சுற்றிய கை நின்றது. என்னையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"எப்போ? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இதே சோபாவுலதாங்க சொன்னேன். நீங்கதான் கமெண்ட்ரி கேக்கலன்னீங்க."