சாச்சாவின் மூக்கருகே நின்ற கை

பேராதனை பஸ்ஸில் மகன் தன் போனில் வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர்கள் இருவரை மோதவிட்டான். யார் வெல்வார் என்று போனே சொல்லுமாம்.

என் சின்ன வயதில், எங்கள் கண்டி வீட்டில் அதை வாப்பாவும் அவர் தம்பியான சாச்சாவும்தான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, ஒரே சஹன் தட்டில் சோறு பிசைந்தபடி வாதம் நடக்கும். சாச்சாவின் ஆள் டீவியில் வருகிறவன். புடவைக்கடையில் துணி அளக்கும் வாப்பாவின் ஆள், பேர் சொல்லாத ஒரு பழைய கண்டிக்காரன்.

"இவன்ட வேகத்துக்கு உங்கட ஆள் நிப்பாரா, நானா?" அண்ணனை நானா என்றே கூப்பிடும் சாச்சா ஒருநாள் சிரித்தார்.

வாப்பாவின் வலது கை சோற்றுக் கவளத்தோடு சஹனிலேயே இருந்தது. இடது கை கிளம்பியதை நான் காணவில்லை. சாச்சாவின் மூக்குக்கு ஒரு பருக்கைத் தூரத்தில் அது நின்றதைத்தான் கண்டேன். சாச்சாவின் நெற்றிமுடி ஆடியது. வலது கைக் கவளம் உதிரவே இல்லை. வாப்பா இத்தனை நாளும் யாரைச் சொன்னார் என்று எங்கள் இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

"சோறு ஆறுது, தின்னு" என்றார் வாப்பா.

"அடுத்து யாரப் போடுற, உம்மா?" என்றான் மகன். வாப்பாவின் பெயரைச் சொன்னேன். அப்படியொரு வீரர் இல்லை என்றது போன். சாச்சா இருந்திருந்தால் தன் மூக்கைத் தடவிப் பார்த்திருப்பார்.