பதில் சொல்லாத கை

எங்கள் குடும்பத்தில் உயர்தரம்வரை படித்தவள் நான் ஒருத்திதான். இப்போது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பேய் பிசாசு என்று பிள்ளைகள் பேசினால் மேசையைத் தட்டி நிறுத்துவேன். அதனால் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

போன வருடம் ஒரு பிற்பகல், நோட்டன் பிரிட்ஜ் வீதியின் வளைவில் பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று மணிக்கே பனி இறங்கி வீதியின் எதிர்க்கரையை மறைத்துவிட்டது. பக்கத்தில் கொழுந்து எடைபோட்டுவிட்டு வந்த இரண்டு பெண்கள்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

பனிக்குள் ஓர் ஆண் குரல். மூவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், அப்படித்தான். பனிக்குள்ளிருந்து மூன்று தரம் கூப்பிட்டால்தான் அது மனிதர். அதற்குமுன் பதில் கொடுத்தால் நம் குரலை எடுத்துக்கொண்டு போய்விடும்.

மறுபடியும் அதே குரல். பனி சற்று விலகியபோது பத்தடி தள்ளி, வெள்ளைப் பிரம்போடு வீதியோரம் ஒருவர் நின்றார்.

"பாவம், கண்ணு தெரியாதவரு மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி.

"மாதிரிதானே இருக்கு?" என்றாள் மற்றவள். "ரெண்டு தரந்தான் கூப்பிட்டுச்சு. டீச்சருக்குத்தான் பயமே கெடையாதே, போங்களேன்."

ரோஷத்தில் போனேன். ஆனால் நாக்கு எழவில்லை. பேசாமல் வீதியைக் கடத்திவிட்டால், மனிதரோ பேயோ, இரண்டுக்கும் பழுதில்லை என்று கணக்குப் போட்டு, அவர் முழங்கையைப் பிடித்து வீதியில் இறங்கினேன்.

பாதி வீதியில் அவர் நின்றுவிட்டார்.

"யாரு?"

இது மூன்றாவது கூப்பாட்டில் சேருமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"ஆம்பளயா, பொம்பளயா? பேசுங்க!"

கையை உதறினார். பிரம்பு விழுந்து உருண்டு பனிக்குள் போனது. மேலே எங்கோ லொறி ஹோர்ன் அடித்தது. சுற்றிலும் வெள்ளை. எந்தப் பக்கம் கரை என்று எனக்கும் தெரியவில்லை.

"நான் டீச்சருங்க! மனுஷிதான்!"

கத்தியது என் குரல் போலவே இல்லை. அவர் என் மணிக்கட்டைப் பற்றினார். காலால் தாரைத் தடவி, வீதி சரியும் பக்கம் என்னை இழுத்தார். முதுகில் காற்று மோத லொறி கடந்தது. பிரம்பு நொறுங்கும் சத்தம் கேட்டது.

கரையில் அவருக்கு மூச்சு வாங்கியது. "கூப்பிட்டா பேசாது, கைய மட்டும் புடிக்கும்னு எங்க லயத்துல சொல்லுவாங்க. கூட்டிட்டுப் போக வந்திருச்சுன்னு நெனச்சேன், புள்ள."

மன்னிப்புக் கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம். பிரம்பு போச்சு. வீடு வரைக்கும் வா. ஆனா வாய மூடாத."

அன்றைய பாடத்தை ஒப்பித்தபடி நடந்தேன்: நீர் ஆவியாகும், ஆவி குளிர்ந்து பனியாகும். மூச்சு வாங்க நான் நிறுத்திய ஒவ்வொரு தடவையும் அவர் கால் நின்றது.