அஞ்சலைக்கு மாலை போட்டவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மெர்கோங்கில் ஒரு மண்டபத்தில் அஞ்சலையின் படத்துக்கு மாலை போட்டார்கள். ஒரே சாம்பிராணிப் புகை. எனக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம். மேடையில், எங்கள் தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய பெரிய கிராணியின் மகன். அப்பாவின் தொப்பையும் அப்பாவின் பொய்யும் அப்படியே வாய்த்திருக்கின்றன. "எங்க தோட்டமே அந்த அம்மாவுக்குப் பின்னால நின்னுச்சி," என்றார். கை தட்டினார்கள். பின்னால் நின்றது உண்மைதான். காறித் துப்புவதற்கு அதுதான் வசதியான இடம். "நீங்க நேர்ல பாத்தவங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க லா ஆன்ட்டி," என்று ஒரு பெண் என்னிடம் மைக்கை நீட்டினாள். "நல்ல பொம்பள," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் யோக்கியதையும் அவ்வளவுதான். அங்கே விழுங்கியதை உங்களிடமாவது கொட்டிவிடுகிறேன்.

சாம்பிராணி என்றால் எனக்கு அஞ்சலையின் துணிமூட்டைதான். எங்கள் ரப்பர் தோட்டம் கெடாவில், சயாம் எல்லையோரம், பாலிங் பக்கம். புருஷன் செத்த மறுவருஷமே விற்பதற்குச் சேலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒற்றை ஆளாக எல்லை தாண்டிச் சயாமுக்குப் போனவள் அவள். சிங்கோரா, பாங்காக், அதற்கும் வடக்கே ஏதோ மலைநாடு. யானைமேல்கூடப் போயிருக்கிறாளாம். திரும்பி வரும்போது மூட்டை முழுக்கச் சயாம் சாம்பிராணி மணக்கும். எங்கள் ஆண்பிள்ளைகளோ பாலிங் பசாருக்குப் போவதற்கே சூடம் கொளுத்திவிட்டுக் கிளம்புகிற சூரர்கள். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சயாம்காரி. என்ன அர்த்தத்தில் சொன்னார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டு, கெடாவைத் தூக்கிச் சயாமிடம் கொடுத்தான். பாலிங்கில் ஒரு சயாம் அதிகாரி வந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தமிழும் தெரியாது, தோட்டமும் தெரியாது. அஞ்சலைக்குச் சயாம் மொழி தண்ணீர்பட்ட பாடு. கூப்பிட்டு, நாற்காலி போட்டு, யோசனை கேட்டான். எந்தத் தோட்டத்தில் அரிசி இல்லை, எங்கே காய்ச்சல், வேலை வாங்குகிற தண்டல்களில் எவன் திருடன், எல்லாம் அவளைக் கேட்டுத்தான். துரைக்கு முன்னால் ஒருநாளும் முதுகு நிமிராத பெரிய கிராணிக்கு அப்போது ரோஷம் வந்தது. "பொம்பளைக்கு நாக்காலி ஒரு கேடா?" என்று நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தார்.

தோட்டத்து ஆட்களைப் பிடித்துப் போய்ச் சயாம் ரயில்பாதை போட்டு முடித்த பிறகும் ஜப்பான்காரன் ஆள் கேட்டுக்கொண்டே இருந்தான். குண்டு விழுந்த இடங்களைச் சரிசெய்ய வேண்டுமாம். போனவன் திரும்புவதில்லை என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரே ஆண் என் அண்ணன் முனியன். அப்பா போன பிறகு மரவள்ளி நட்டு அம்மாவுக்கும் எனக்கும் சோறு போட்டவன் அவன்தான்.

ஒரு சாயங்காலம் அஞ்சலை லயத்துக்கு வந்தாள். "லாரி வரப்போவுது. எல்லா வாசல்லயும் வேப்பிலை கட்டுங்க. தோட்டம் பூரா அம்மை போட்டிருக்குன்னு ஆபீசர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். வேப்பிலையப் பாத்தா ஜப்பான்காரன் உள்ள வரமாட்டான்," என்றாள். எதையும் இழக்க வேண்டாம். வாசலுக்கு இரண்டு கொத்து இலை. அதற்கு நடந்த கூத்து இருக்கிறதே! பொய்யாக வேப்பிலை கட்டினால் மாரியாத்தா கண்ணைப் பிடுங்கிவிடுவாளாம், கிராணி சொன்னார். ரயிலுக்குப் போகிறவர்களின் பெயரை எழுதிக் கொடுத்த அவருடைய கண்கள் மட்டும் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தன. பாதி வீடுகள் கட்டின, பாதி கட்டவில்லை. அண்ணன் கட்டினான். "ஆத்தா கோவிச்சா நான் பேசிக்கிறேன்," என்று சிரித்தான்.

மறுநாள் காலை கிராணி வீட்டம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். தன் தங்கை மகனுக்கு என்னைக் கேட்டிருந்தவள் அவள். "சயாம்காரி பேச்சக் கேக்குற வீட்டுல எவன்டி பொண்ணெடுப்பான்?" என்றாள். மாப்பிள்ளைக்குச் சுருட்டை முடி. எனக்குப் பதினேழு வயது. மூளை இருந்ததாக ஞாபகம் இல்லை. அம்மாவும் அண்ணனும் மரவள்ளிக் கொல்லையில் இருந்தார்கள். முக்காலி போட்டு ஏறி, வேப்பிலையைப் பிய்த்து அடுப்பில் போட்டேன்.

அன்றைக்கு மத்தியானமே லாரி வந்தது. வேப்பிலை கட்டிய வாசல்களைச் சிப்பாய்கள் தள்ளி நின்றே பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அண்ணன் பின்பக்கமாக வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். சோற்றுக் கையோடு இழுத்துப் போனார்கள். லாரியில் ஏறும்போது வாசல் நிலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

தகவல் தெரிந்து அஞ்சலை ஓடிவந்தாள். "யாரு அவுத்தது?" என்றாள். "காத்துல விழுந்துருச்சி," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, அண்ணனைத் தேடி மறுபடி எல்லை தாண்டிப் போனாள். அவனும் வரவில்லை, அவளும் வரவில்லை.

எனக்குக் கல்யாணம் நடந்தது. அந்தச் சுருட்டை முடி முப்பது வயதுக்குள் கொட்டிவிட்டது. ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயம் இருந்த இடத்தை இன்று என்னாலேயே காட்ட முடியாது. முனியன் என்று சொன்னால் யார் என்று கேட்கத்தான் ஆள் இருக்கிறது. வேப்பிலை விஷயத்தை நான் வீட்டில் சொன்னதே இல்லை. அம்மா சாகும்வரை காற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.