அவரே தட்டச்சு செய்த கடிதம்

நான் ஒரு பெண்ணின் மருத்துவ மனுவைத் தள்ளுபடி செய்தேன். விதி அப்படிச் சொல்கிறது என்றுதான் அன்று எல்லோரிடமும் சொன்னேன். அது முழு உண்மை அல்ல. அவர் பருமனாக இருந்தார், எனக்குச் சிரிப்பு வந்தது, தள்ளினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தியாகராய நகரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், ஊழியர்களின் மருத்துவச் செலவு மனுக்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். மருந்துச் சீட்டு, கடை ரசீது, இந்த நோய்க்கு இந்த மருந்து கட்டாயம் தேவை என்று மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ் மூன்றும் சேர்ந்து வரும். அரசு அந்தச் செலவைத் தரலாமா கூடாதா என்று குறிப்பு எழுதுவது என் வேலை. டானிக், சத்துமாவு, அழகுக்கான களிம்பு ஆகியவற்றுக்குக் கிடையாது. மற்றபடி சான்றிதழில் நோயின் பெயர் சரியாக இருந்தால் போதும்.

பெயர் சரியாக இல்லாவிட்டால் அதற்கும் எங்களிடம் வழி இருந்தது. எங்கள் நிர்வாக அலுவலர் மாதம் தவறாமல் டானிக் வாங்குவார். சான்றிதழில் 'உடல் சோர்வு' என்று இருந்தால் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறி வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். மறுநாள் அது 'நரம்புத் தளர்ச்சி' ஆகி வரும். டானிக் மருந்தாகிவிடும். எத்தனையோ பேருக்கு இப்படிச் செய்திருக்கிறேன். அதற்கு உதவி என்று பெயர்.

அந்தப் பெண் மூன்றாம் மாடியில் தட்டச்சராக இருந்தார். வயது நாற்பதுக்கு மேல். வயிற்றில் குடலிறக்கம். அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். ஆனால் இந்த எடையில் மயக்க மருந்து கொடுக்க முடியாது, முதலில் இளைத்து வாருங்கள் என்று சொல்லி மருத்துவர் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். விலை அதிகம். அரசு தந்தால்தான் தொடர்ந்து வாங்க முடியும். இதையெல்லாம் அவரே முதல் மாடிக்கு இறங்கி வந்து, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார். லிஃப்ட் பழுதாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பேசும்போது ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்க சார். நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

சான்றிதழைப் பார்த்தேன். நோய் என்ற இடத்தில் 'உடற்பருமன்' என்று மட்டும் இருந்தது. குடலிறக்கத்தை எழுத மருத்துவர் மறந்திருந்தார். ஒரு பென்சில் குறி போதும். நான் வைக்கவில்லை.

ஏன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் கிடைத்ததில்லை. அவர் போனதும் அலுவலர் என் மேசைக்கு வந்தார்.

"என்னவாம்?"

"இளைக்கறதுக்கு மாத்திரை சார்."

"அதுக்கு எதுக்குய்யா மாத்திரை? தினம் மூணு மாடி ஏறி இறங்கறாங்க. லிஃப்ட் நின்னதே அவங்க நல்லதுக்குத்தான்."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் எழுதிவிட்டேன். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அவருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்துக்கு இரண்டே வரிகளில் வரைவு எழுதினேன். இது தோற்றத்துக்கான மருந்து, எனவே அனுமதி இல்லை என்பது முதல் வரி. மனுதாரர் சாப்பாட்டில் சற்றுக் கட்டுப்பாடு காட்டினால் அவருக்கும் நல்லது, அரசுக்கும் நல்லது என்பது இரண்டாவது. அலுவலர் அதைப் படித்துவிட்டு மறுபடி சிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

இரவு மயிலாப்பூரில் வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அவ சாப்பிடறத நீங்க எப்பவாவது பாத்திருக்கேளா?"

"இல்லை."

"பின்ன?" என்றாள். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வரைவு எதுவானாலும் மூன்றாம் மாடிக்குப் போய்த்தான் கடிதமாகித் திரும்பும். அங்கே எந்தத் தட்டச்சருக்குக் கொடுப்பது என்பது பியூனின் விருப்பம். மறுநாள் மத்தியானம்தான் எனக்கு அது உறைத்தது. பியூனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மேடம் கையிலதான் சார் குட்தேன். அவுங்கதான் ஸ்பீடா அடிப்பாங்க. வேற யாரு கீறாங்க மேல, மத்த ரெண்டு பேரும் லீவு."

"அது அவங்களுக்கே போற கடிதம்ப்பா."

"எனக்கு இன்னா சார் தெரியும்? இங்கிலீஷ்ல எழுதிகினு குடுக்கறீங்க."

சற்று நேரத்தில் அவரே கடிதத்தோடு இறங்கி வந்தார். ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. அடியில், தட்டச்சு செய்தவர் என்ற இடத்தில் அவருடைய முதலெழுத்துகள். மேலே, பெறுநர் என்ற இடத்தில் அவருடைய பெயர்.

"சரி பாத்துக்குங்க சார்."

"மேடம், ரூல் அப்படி..."

"முதல் வரி ரூல் சார். தெரியுது. ரெண்டாவது வரி எந்த ரூல்ல வருது?"

கடிதத்தை வாங்கி மேசைமேல் வைத்தேன். அவர் திரும்பிப் படியேறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நின்று மூச்சு வாங்குவது என் நாற்காலிவரை கேட்டது. அதன் பிறகு அவரிடமிருந்து எந்த மனுவும் வரவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் மனைவி பத்திரிகையோடு வந்தாள். "ஏன்னா, இளைக்கற மாத்திரை ஏதோ இதயத்தக் கெடுக்கறதுன்னு வெளிநாட்டுல நிறுத்திட்டாளாம்." அலுவலகத்தில் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அதே மாத்திரை. செய்தி மாடிக்கு மாடி பரவியது. "பாத்தியா, அந்தம்மாவ நீ காப்பாத்திட்டே" என்றார் அலுவலர். வேறு சிலரும் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். இது என் இரண்டாவது தவறு. அந்த மாத்திரையால் அவர் இளைத்திருப்பாரா, இதயம் கெட்டிருக்குமா, எனக்குத் தெரியாது. அவர் இதயத்தை நினைத்து நான் எழுதவில்லை என்பது மட்டும் தெரியும்.

அதே வருஷ மழைக்காலத்தில் அவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டார். குடல் சிக்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். எடை குறையக் காத்திருந்த அறுவை சிகிச்சையை அதே எடையோடு அன்றே செய்தார்கள். பிழைத்தார். ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை, உடல்நிலையைக் காட்டி ஓய்வு வாங்கிக்கொண்டார்.

அந்தச் சிகிச்சைக்கான மனு என் மேசைக்கே வந்தது. மருத்துவமனை அரசு அங்கீகரித்த பட்டியலில் இல்லை. அவசரம், எனவே தரலாம் என்று எழுதினேன். அதோடு நிறுத்தாமல், முன்பு நான் சான்றிதழைத் திருத்த அனுப்பாமல் மனுவைத் தள்ளியது தவறு, கடிதத்தின் இரண்டாவது வரி அவமரியாதை, இரண்டுக்கும் நானே பொறுப்பு என்றும் எழுதினேன்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "காகிதத்துல மன்னிப்பு கேக்கக் கூடாதுய்யா. தணிக்கைக்காரன் வருவான், உன் பென்ஷன் மாட்டும், என் கையெழுத்தும் மாட்டும். கிழிச்சுட்டு வேற எழுது. அந்தம்மாவுக்குத் தர்றதத் தந்துடலாம்."

வேறு எழுதினேன். மனு நிறைவேறியது. என் மன்னிப்பு குப்பைக்கூடைக்குப் போனது. பழைய கடிதத்தின் நகல் மட்டும் பக்க எண்ணோடு கோப்பில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரத்தில் அவர் குடியிருப்பைத் தேடிப் போனேன். தரைத்தளம். என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. மோர் கொடுத்தார். நான் எழுதியதையும் கிழித்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். அலுவலர் அடித்த லிஃப்ட் ஜோக்கையும், அதற்கு நான் சிரித்ததையும் சொன்னேன்.

"அது மாடிக்கு அன்னிக்கே வந்துடுச்சு சார்" என்றார்.

"நான் ஏதாவது செய்ய முடியுமா?"

காலி டம்ளரை வாங்கி வைத்தார். "லிஃப்ட் ஓடுதா?"

"இல்ல."

"அதுக்கு ஒரு நோட் போடுங்க. என் இடத்துக்கு வந்திருக்கற பொண்ணு மாசமா இருக்கு." மன்னித்தேன் என்றோ, இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாளே குறிப்பு எழுதினேன். அது பராமரிப்புப் பிரிவுக்குப் போய் ஒரு கேள்வியோடு திரும்பியது. பதில் எழுதினேன். இன்னொரு கேள்வியோடு வந்தது. அதற்கும் எழுதினேன். அதற்குள் அவர் இடத்துக்கு வந்திருந்த பெண் பிரசவ விடுப்பில் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். மூன்றாவது பதிலை எழுதி அனுப்பிய மாதம் நான் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழா மூன்றாம் மாடியில் நடந்தது. மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு படியில்தான் இறங்கினேன்.