மூன்றாவது சுவர்

பேனாவைத் திறக்குமுன், ஊர் நிர்வாகம் பார்க்கும் காலிதீன் விதானையார் படிவத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தை உரக்க வாசிப்பார். எதிரே நிற்பவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தாலும் விடமாட்டார். “பொய்யெண்டு கண்டா மறியல். உனக்கும் மறியல், ஒப்பம் வெச்ச எனக்கும் மறியல். அந்தக் கம்பிக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒரு பாய்தானாம், விளங்கிச்சா?”

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம் வடிந்ததும் கல்முனைக் கரையெங்கும் நிவாரணப் படிவம் பறந்தது. விதானையார் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, சேற்றில் இறங்கி, வீடு வீடாக விழுந்த சுவர்களை எண்ணினார். செத்த கோழியைக்கூடக் கண்ணால் காணாமல் எழுதமாட்டார். கோழிகளைப் புதைத்துவிட்டதாகச் சொன்ன ஆதம்பாவாவிடம் மண்வெட்டி கேட்ட மனிதர் என்றால் பாருங்களேன்!

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு படிவத்தில் பார்க்காமல் ஒப்பமிட்டார். புருஷனை இழந்த நஸீறா, கொட்டும் மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து, சமைக்கிற குசினியில் மூன்று சுவர் போய்விட்டதென்று அழுதாள். பாவம், மனிதருக்கு மனம் இளகிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு நாள், மேலதிகாரி டி.ஆர்.ஓ. ஐயா அன்றே நேரில் பார்க்க வருகிறார் என்று காலையில் செய்தி வந்தது. விதானையார் நஸீறாவின் வளவுக்கு ஓடினார். இரண்டு சுவர் விழுந்து கிடந்தன. மூன்றாவது கம்பீரமாக நின்றது.

“மூணெண்டு சொன்னியே புள்ள!”

“அண்டைக்கு ஆடிக்கிட்டுத்தான் நிண்டிச்சு விதானைக் காக்கா. விடியக்குள்ள விழுந்திரும் எண்டு நினைச்சன். இந்த வெயிலுக்குக் காஞ்சு இறுகிப் போய்த்து.”

விதானையாரின் இருபது வருட உத்தியோகம் ஒரு மண்சுவரில் மாட்டிக்கொண்டது. தோளைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினார். சுவர் அசையவில்லை. வாசலில் ஜீப் வந்து நின்றது.

“என்ன விதானையார் செய்றீர்?”

“விழாமப் புடிச்சிக்கிட்டு நிக்கன் ஐயா!”

டி.ஆர்.ஓ. நல்ல மனிதர். கோட்டைக் கழற்றி நஸீறாவின் கையில் கொடுத்துவிட்டு, அவரும் பக்கத்தில் வந்து முழுப் பலத்தோடு தோள் கொடுத்தார். இரண்டு உத்தியோகத்தரின் பாரம் தாங்காமல் சுவர் அந்தப் பக்கமாகச் சரிந்து விழுந்தது.

புழுதி அடங்கியபோது ஐயாவின் முகம் வெளுத்திருந்தது. ஓர் ஏழைப் பெண்ணின் சுவரை அரசாங்கமே தள்ளிவிட்டதே!

“படிவத்தில எத்தனை சுவர்?” என்றார், தணிந்த குரலில்.

“மூணு, ஐயா.”

“மூண்டும் வெள்ளத்தில விழுந்ததெண்டுதானே எழுதியிருக்கு?”

“ஓம் ஐயா.”

ஐயா அவசரமாகப் பேனாவை எடுத்தார். வைத்து எழுத மேசை இல்லை. விதானையார் பொடி எழுத்தை வாசிக்காமலே திரும்பி நின்று, குனிந்து முதுகைக் கொடுத்தார்.