மொழிபெயர்க்காமல் விட்ட ஒரு வசனம்

இந்தக் குளிர்நாட்டில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் போனை நீட்டினாள். "அப்பா, இவர் இனி எழுதமாட்டாராம். உங்கட ஊருக்கும் வந்தவராம். தெரியுமோ?"

போனில் நரைத்த வெள்ளைக்காரர் ஒருவரின் படம். லண்டன் பத்திரிகையில் இத்தனை வருடம் அரசியல் பத்தி எழுதிவிட்டு விடைபெறுகிறார். எனக்குச் சவர்க்கார மணம் போய் மண்ணெண்ணெய் மணந்தது.

இதை வாசிக்கிற பிள்ளைகளே, சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது. இரண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணினால், பிறகு கார் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். அப்படியொரு காரில்தான் அந்த வெள்ளைக்காரரை, பீற்றரை, ஏற்றித் திரிந்தேன். அவர் அப்போது சண்டைச் செய்தி எழுத வந்தவர். நான் சாரதி. எட்டாம் வகுப்போடு நின்ற இங்கிலீசை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளரும் நானே. 'எஸ் சேர்' என்பதை மட்டும் திறமாகச் சொல்வேன்.

எங்கள் ஊர் மரகதமக்காவின் புருஷனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். விசாரிக்கப் போன எங்களுக்குப் பாலில்லாத பிளேன்ரீ தந்துவிட்டு அக்கா எல்லாம் சொன்னார், எந்த வாகனம் வந்தது என்றுகூட. கடைசியில், "தம்பி, என்ர பேரைப் போடவேண்டாமெண்டு அவருக்குச் சொல்லிவிடு. வீட்டில ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், குமருகள்" என்றார்.

"ஓமக்கா" என்றேன். சொல்லவில்லை.

மறதியில்லை. லண்டன் பேப்பரில் பெயர் வந்தால் பெரிய இடங்கள் பயந்து ஆளை விட்டுவிடும் என்று நம்பினேன். அந்தப் பேப்பருக்கு எங்கள் ஊரில் அப்படியொரு மதிப்பு. பீற்றர் பெயர் கேட்டபோது எழுத்துக்கூட்டியே சொன்னேன், ஊரையும் சேர்த்து.

செய்தி வந்து ஒரு கிழமையில் அக்கா வீட்டுக்கு ஆட்கள் வந்து மிரட்டினார்கள். அன்றைக்கே அக்கா குமருகளோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். போகமுன் பக்கத்து வீட்டில், "தம்பி சொல்லியிருப்பான். அந்த வெள்ளைக்காரன்தான் கேக்கேல்லை" என்றாராம்.

பீற்றர் வேறு சண்டைகளுக்குப் போனார். பேந்து லண்டனில் இருந்தபடி மந்திரிமாரைத் திட்டி எழுதினார். இந்தக் கடைசிப் பத்தியில், யாழ்ப்பாணத்தில் துணிந்து பெயர் கொடுத்த ஒரு பெண்ணைத் தான் மறக்கவில்லை என்கிறார்.

"என்ன தைரியமான அன்ரி, அப்பா!"

"அவ குடுக்கேல்லை, பிள்ளை. போடவேண்டாமெண்டு சொன்னவ. நான்தான் சொல்லாமல் விட்டனான்."

மெஷின் நின்றுவிட்டது. மகள் அந்தப் பழைய செய்தியைப் போனில் தேடி எடுத்தாள்.

கார் இப்போது இல்லை. அக்காவின் வீடு இருந்த இடம் வெறும் வளவு என்கிறார்கள் போய்வந்தவர்கள். அவரையோ புருஷனையோ குமருகளையோ கண்டவர் ஒருவருமில்லை. அந்தச் செய்தியில் மட்டும் அக்காவின் பெயர், நான் கூட்டிச் சொன்ன எழுத்துகளில், ஒரு பிழையும் இல்லாமல் இருக்கிறது.