குரல் கேட்காத வாத்தியார்

எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார் அமெரிக்காவில் இருந்தார். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில், வார்த்தெடுத்த துண்டுகளின் பிசிறைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். 2008 வாக்கில், ஒரு பெரிய பல்கலைக்கழகம் தன் வகுப்புகளை உலகத்துக்கே இலவசமாக நெட்டில் போட்டிருப்பதாகப் பேப்பரில் படித்துவிட்டு, ஞாயிறுதோறும் சோழவரம் கடைத்தெருவில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். உலோகம் ஏன் உடைகிறது என்பதுதான் பாடம். வீடியோதான் ஓடித் தொலையாது.

"வட்டம் சுத்திக்கினே கீதுமா. கீழ எழுத்து கீது பாரு, அத்தப் படி," என்றார் கடைக்கார பாய்.

வாத்தியார் பேசியதையெல்லாம் அச்சில் போட்டிருந்தார்கள். அகராதியும் கையுமாகப் படித்தேன். நடுநடுவே அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று வரும். எதற்கென்று புரியாமலே நானும் சிரித்துவைப்பேன்.

கம்பெனி பஸ்ஸில் என் தோழி தச்சூர் கூட்ரோட்டில் ஏறுவாள். அதுவரை டிபன் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்திருப்பேன். டிப்ளமோ படித்தவள். முறுக்கு படக்கென்று உடையும், சப்பாத்தி மாவு இழுபட்டுத்தான் அறும், இரும்பிலும் இரண்டு ஜாதி உண்டு என்று வழியெல்லாம் சொல்வேன்.

"காலேஜ்ல மனப்பாடம் பண்ணதோட சரி. நீ சொன்னாத்தான்டி புரியுது," என்பாள். எனக்குப் பெருமை தாங்காது.

சோதனைக்கூடத்தில் ஒரு வேலை காலியானது. விஷயம் தெரிந்தால் போதும் என்றார் மேனேஜர். இருவரும் கேட்டோம். தூசியில் இருமிச் சாகாமல், ஓர் இரும்பை உடைத்து அது ஏன் உடைந்தது என்று சொல்கிற வேலை. வேறெதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

எங்களை ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். அவள் முறுக்கையும் சப்பாத்தி மாவையும் சொல்லி அசத்தினாள். என்னிடம் சர்டிபிகேட் கேட்டார். அந்தப் பாடத்துக்கு அது கிடையாது என்றேன். "இவளுக்கே நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். கேட்டுப் பாருங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இல்ல சார், நான் டிப்ளமோல படிச்சது. அவ சும்மா நெட்ல பாத்துக்கினு இருப்பா. ஃப்ரீயா வர்றதுக்கு இன்னா சார் மதிப்பு?"

கூட இருந்தே குழி பறித்தாள். வேலை அவளுக்குப் போனது; மறுவாரமே ஸ்டாஃப் வேனில் வந்தாள். பழக்கதோஷத்தில் நான் பஸ்ஸில் இடம் பிடித்து வைத்திருந்தேன். வெட்கக்கேடு! உலகத்துக்கே இலவசம் என்றவர்கள்மீதும் எனக்கு ஆத்திரம்தான். எல்லாரும் வாங்க என்று கூப்பிட்டார்கள். படித்தேன் என்று சொல்ல ஒரு சாட்சி தரவில்லை. எனக்கிருந்த ஒரே சாட்சி இவள்தான்.

ஒருநாள் சோதிக்க வேண்டிய துண்டுகளைக் கொடுக்கப் போனேன். சோதனைக்கூடத்துக்குள் ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது. அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்தது. என் வாத்தியார்! கம்பெனி நெட்டில் நிற்காமல் ஓடினார். வகுப்பு சிரித்தது.

அவள் திரும்பினாள். "நல்ல வேளை வந்த. இவரு சொல்றது ஒண்ணுமே புரியலடி. கொஞ்சம் சொல்லேன்."

துண்டுகளை மேசைமேல் வைத்தேன்.

"ஃப்ரீயா வர்றதுதானே," என்றேன். "நீயே பாத்துக்கோ."